ஈ-டி ஈற்றைக் காதாலும் தேடக் கற்பியுங்கள்: பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் ஆங்கிலப் பாட ஆசிரியர் பெருமக்களுக்கும் வணக்கம்.

நம் மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைப்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். வினையடியோடு ஈ, டி என்னும் இரண்டெழுத்துச் சேர்ந்து இறந்தகாலம் காட்டும் ஒழுங்கான ஆங்கில வினைகளை இனங்காணக் கற்பிக்கும்போது, கண்ணுக்குத் தரும் இடத்தைப் பிள்ளைகளின் காதுக்கும் தாருங்கள் என்பதும், அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருகின்ற தமிழின் கால அறிவை ஆங்கில வகுப்பின் வாசலில் நிறுத்திவிடாதீர்கள் என்பதுமே அந்த வேண்டுகோள். இரண்டும் தனித்தனியானவைபோல் தோன்றினாலும், தமிழ்ப் பிள்ளையைப் பொறுத்தவரை ஒன்றில்லாமல் மற்றொன்று கைகூடாது என்பதை விளக்க முயல்கிறேன்.

நான் பட்டர்வொர்த்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். தொடக்கப்பள்ளியின் மூன்றாம் ஆண்டு முதல் இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்று வரையிலான பிள்ளைகள் பல பள்ளிகளிலிருந்து வருகிறார்கள். அவர்கள் பையில் வரும் பயிற்சித்தாள்களோ ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவைபோல் இருக்கின்றன. ஒரு பத்தி கொடுத்து, அதிலுள்ள இறந்தகால வினைகளுக்கு அடிக்கோடிடச் சொல்வார்கள். அத்தகைய தாள் ஒன்றில், ‘யெஸ்டர்டே மை பிரதர் பெயின்டட் ஹிஸ் ரெட் பைசிகிள் இன் த ஷெட்’ என்ற வாக்கியத்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி மூன்று கோடுகள் இட்டிருந்தாள். ‘பெயின்டட்’ என்பதன் கீழ் ஒன்று, சிவப்பைக் குறிக்கும் ‘ரெட்’ என்பதன் கீழ் ஒன்று, கொட்டகையைக் குறிக்கும் ‘ஷெட்’ என்பதன் கீழ் ஒன்று. அடுத்த வாக்கியம் ‘ஹி டிட் நாட் வாஷ் இட்’ என்பது. அதில் ஒரு கோடும் இல்லை. வினாத்தாளின் மேலே, ஈ-டியில் முடியும் சொல்லைத் தேடுக என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது. பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறாள். ‘ரெட்’, ‘ஷெட்’, ‘பெட்’, ‘ஹண்ட்ரட்’ ஆகிய எல்லாமே ஈ-டியில்தான் முடிகின்றன. தேவைப்படுதலைக் குறிக்கும் ‘நீட்’, ஊட்டுதலைக் குறிக்கும் ‘ஃபீட்’ ஆகியவை வினைகளாகவும் இருந்து, ஈ-டியிலும் முடிந்து, ஆனாலும் நிகழ்காலத்தில் நிற்கின்றன. எழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, எழுத்தை மட்டும் பார்த்ததற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகாது.

இதைவிடப் பெரிய இடர் காதில் இருக்கிறது. ஈ-டி என்று எழுதப்படும் அந்த ஒரே ஈறு பேச்சில் மூன்று விதமாக ஒலிக்கிறது. ‘ஹெல்ப்’, ‘வாக்’, ‘வாஷ்’, ‘வாட்ச்’, ‘லாஃப்’ முதலிய, குரல்வளை அதிராமல் முடியும் வினைகளுக்குப் பின் அது வன்மையான ‘ட்’ ஆகிறது. ‘பிளே’, ‘கால்’, ‘கிளீன்’, ‘லிவ்’ முதலிய, குரல்வளை அதிர்ந்து முடியும் வினைகளுக்குப் பின் மென்மையான ‘ட்’ ஆகிறது. ‘வான்ட்’, ‘பெயின்ட்’, ‘நீட்’ என ஏற்கெனவே ‘டி’ அல்லது ‘டீ’ எழுத்துகளின் ஒலியில் முடியும் வினைகளுக்குப் பின் மட்டுமே ஓர் உயிர் நுழைந்து, ‘வான்டட்’, ‘பெயின்டட்’, ‘நீடட்’ எனத் தனி அசையாகிறது. இந்த மூன்றாவது வகையைப் பிள்ளைகள் எளிதில் கேட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டையும் பெரும்பாலும் கேட்பதே இல்லை. ‘வி வாக் இன் த பார்க்’ என்றும் ‘வி வாக்ட் இன் த பார்க்’ என்றும் மாற்றி மாற்றி வாசித்து, எது நேற்று நடந்தது என்று கேட்டால், எழுத்துத் தேர்வில் எல்லாவற்றையும் சரியாக எழுதும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இன்னொரு பக்கம், கேட்காமல் படித்தே பழகிய பிள்ளை எழுத்தை நம்பி ‘வாக்-கெட்’, ‘ஸ்டாப்-பெட்’, ‘வாஷ்-ஷெட்’ என்று வாசிக்கிறது. தமிழிலும் மலாயிலும் எழுதியதைப் பெரும்பாலும் எழுதியபடியே வாசித்துப் பழகிய பிள்ளைக்கு இது இயல்பான முடிவு. பழைய ஆங்கிலத்தில் இந்த ஈறு உண்மையாகவே தனி அசையாக ஒலித்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்லத்தான் இடையிலிருந்த உயிர் தேய்ந்தது. கொடியதைக் குறிக்கும் ‘விக்கிட்’, ஆடையின்மையைக் குறிக்கும் ‘நேக்கிட்’ போன்ற சில பெயரடைகளில் அந்தப் பழைய ஒலி இன்றும் தங்கியிருக்கிறது. ஆகவே ‘வாக்-கெட்’ என்று வாசிக்கும் பிள்ளையை வகுப்பில் சிரிப்புக்கு ஆளாக்காமல், அந்த உயிர் எங்கே நிற்கும், எங்கே மறையும் என்ற விதியைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இந்த விதியை விளக்கத் தமிழ் எவ்வளவு துணைசெய்யும் என்பதை நாம் இன்னும் உணரவில்லை என்றே நினைக்கிறேன். இறந்தகால இடைநிலைகளாக த், ட், ற், இன் ஆகியவற்றை நன்னூல் சொல்வதை நம் தமிழாசிரியர்கள் நன்கு அறிவார்கள். நடந்தான், உண்டான், சென்றான், ஓடினான் என்பன நாம் வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டுகள். அவற்றை எழுத்தாகப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘நடந்தான்’ என்பதில் வரும் தகரம் மெலிந்து ஒலிக்கிறது. ‘படித்தான்’ என்பதில் வரும் தகரம் வலிந்து ஒலிக்கிறது. ‘உண்டான்’ என்பதிலுள்ள டகரம் மென்மையானது. ‘கேட்டான்’ என்பதிலுள்ள டகரம் வன்மையானது. காலம் காட்டும் எழுத்து ஒன்றுதான், பக்கத்தில் நிற்கும் ஒலிக்கு ஏற்ப அது இருவிதமாக ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் ‘பிளேய்ட்’, ‘வாக்ட்’ என்ற இரண்டிலும் நடப்பதும் இதே செயல்தான். அக்கம்பக்கத்து ஒலியைப் பார்த்து ஒரே எழுத்தை வலித்தும் மெலித்தும் சொல்லும் வித்தையை நம் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் முன்பே, யாரும் கற்றுத்தராமலே, நாவில் பழகி வைத்திருக்கிறார்கள். ‘பாடு’ என்றும் ‘பாட்டு’ என்றும் சொல்லவைத்து, தொண்டையில் இரு விரல்களை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் வேறுபாடு விரலில் தெரிந்துவிடுகிறது. அதே விரல்களை எடுக்காமல் ‘பிளேய்ட்’ என்றும் ‘வாக்ட்’ என்றும் சொல்லவையுங்கள். அதற்குப் பிறகு அந்த வேறுபாட்டை அவர்கள் கேட்கத் தொடங்குவதை நான் என் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஒப்புமையை மட்டும் காட்டினால் பிள்ளை தடுமாறும். தமிழில் காலம் காட்டும் இடைநிலைக்குப் பின் ஆன், ஆள், ஏன், ஆர்கள் என விகுதி வருவதால், அந்த மெய் உயிரோடு சேர்ந்து தெளிவாகக் காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் ‘ஐ’, ‘ஷி’, ‘தே’ என யார் செய்தாலும் ‘வாக்ட்’ என்ற ஒரே வடிவம்தான். விகுதி இல்லாததால் காலத்தைச் சுமக்கும் மெய் சொல்லின் கடைசியில் தனியே நிற்கிறது. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பது நாம் அறிந்ததே. அதனால் நம் நா ஒன்று அந்த மெய்யை விட்டுவிடுகிறது, அல்லது ஓர் உகரத்தைச் சேர்த்து ‘வாக்டு’ என்கிறது. விட்டுவிடுவதைவிட உகரம் சேர்ப்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. இறந்தகாலம் இருக்கிறது என்பதையாவது அந்தப் பிள்ளை அறிந்திருக்கிறது. உச்சரிப்பைப் பின்னர் செதுக்கிக்கொள்ளலாம்.

இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கவும் தமிழே கைகொடுக்கிறது. மெய்யில் முடியும் சொல்லை அடுத்து உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் ஒன்றி ஒலிக்கும் என்பது நம் புணர்ச்சி இலக்கணத்தின் அடிப்படை. ஆங்கிலப் பேச்சிலும் ‘வாக்ட் இன்’ என்பது ‘வாக்-டின்’ என்றும், ‘கிளீன்ட் அப்’ என்பது ‘கிளீன்-டப்’ என்றும் ஒன்றி ஒலிக்கின்றன. ஆகவே கேட்டல் பயிற்சிக்கு வாக்கியம் எழுதும்போது, இறந்தகால வினையை அடுத்து ‘இன்’, ‘அட்’, ‘ஆன்’, ‘இட்’ போன்ற உயிரில் தொடங்கும் சொற்களை வைத்தால் அந்த மெய் பிள்ளையின் காதில் எடுப்பாக விழும். மாறாக, பாடநூல்களிலும் பயிற்சித்தாள்களிலும் வழக்கமாக வரும் ‘வாக்ட் டு ஸ்கூல்’ என்பதில் இரண்டு டகர ஒலிகளும் ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் சொன்னாலும் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. கேட்கவே முடியாத இடத்தில் கேட்கச் சொல்லிப் பிள்ளையைச் சோதிக்கக்கூடாது. தொடக்கத்தில் உயிர் முதற்சொற்களோடு பழக்கிவிட்டு, காது தேர்ந்த பின்னரே மெய் முதற்சொற்களுக்குச் செல்ல வேண்டும்.

எழுத்துக்கூட்டல் விதிகளை நீங்கள் நன்றாகவே கற்பிக்கிறீர்கள். அதில் நான் சொல்ல அதிகம் இல்லை. ‘கேரி’ என்பதன் இறுதி ‘ஒய்’ மாறி ‘ஐ’ ஆவதும், ‘பிளே’ என்பதில் அது மாறாமல் நிற்பதும், ‘ஸ்டாப்’ என்பதில் ‘பி’ இரட்டிப்பதும் பிள்ளைகளுக்குத் தெரிகின்றன. ‘டிராவல்’ என்பதற்கு நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் இரண்டு ‘எல்’ வரும், அமெரிக்க முறையில் ஒன்றே வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தால், இணையத்தில் வேறுவிதமாகப் பார்க்கும் பிள்ளை குழம்பாது.

மாறாக, ‘டிட்’ வரும் வாக்கியங்களில் நேரம் செலவிட வேண்டும். ‘டிட் யூ வாக்ட்?’, ‘ஐ டிட் நாட் வாக்ட்’ என்ற பிழைகள் படிவம் ஐந்து வரை தொடர்கின்றன. இறந்தகாலத்தை இனங்காண்பது என்றால் ஈ-டியைக் கண்டுபிடிப்பது என்று பழகிய மனம், அது இல்லாத இடத்தில் அதை ஒட்டவைக்கிறது. இங்கும் தமிழைக் காட்டுங்கள். ‘நடந்தேன்’ என்பதை எதிர்மறையாக்கினால் ‘நடக்கவில்லை’ என்கிறோம். ‘நடந்தவில்லை’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. எதிர்மறையில் வினை தன் இறந்தகாலக் குறியை விட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாத செய்தி அன்று. ஆங்கிலத்தில் அந்தக் குறியை ‘டிட்’ ஏற்றுக்கொள்கிறது, வினாவிலும் அதுவே ஏற்றுக்கொள்கிறது, வினை வெறும் அடியாக நிற்கிறது என்று சொன்னால், விதி மனப்பாடமாக இல்லாமல் புரிதலாகப் பதியும்.

ஈ-டி ஈறு எச்சமாகவும் பெயரடையாகவும் வருமிடங்கள் இதைவிட நுட்பமானவை. நம் ஊர் உணவுக்கடைகளில் ‘ஃபிரைட் குவே தியாவ்’ என்றும் ‘ஃபிரைட் ரைஸ்’ என்றும் பிள்ளைகள் நாள்தோறும் படிக்கிறார்கள். பூட்டிய கடைக்கதவில் ‘குளோஸ்ட்’ என்று தொங்குகிறது. இவை இறந்தகால வினைமுற்றுகளா என்று கேட்டால், ஈ-டியை மட்டும் பார்க்கும் பிள்ளை ஆம் என்றே சொல்லும். ‘அம்மா மீன் பொரித்தார்’ என்பதற்கும் ‘பொரித்த மீன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அதே பிள்ளையிடம் கேளுங்கள். முன்னது முற்று, பின்னது பெயரெச்சம் என்ற பெயர்கள் தெரியாவிட்டாலும், ‘பொரித்த மீன்’ என்பதோடு பேச்சு முடியவில்லை, அந்த மீன் என்ன ஆனது என்று இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்பது அதற்குத் தெரியும். இரண்டிலும் ‘பொரித்த்’ என்ற இறந்தகாலப் பகுதி இருப்பதையும், தமிழில் ஈறு வேறுபடுவதால் முற்றும் எச்சமும் பிரிந்து தெரிவதையும், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஈறு என்பதால் வாக்கியத்தில் எழுவாயைத் தேட வேண்டியிருப்பதையும் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஒரு பாடவேளைகூட ஆகாது. ‘யார் செய்தார்?’ என்ற வினாவுக்கு வாக்கியத்தின் எழுவாய் விடைதருகிறதா என்று பார்க்கப் பழகிய பிள்ளை, ‘ரெட்’, ‘ஷெட்’ ஆகியவற்றிலும் ஏமாறாது.

நம் பிள்ளைகள் வாழும் சூழலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மலாய் மொழியிலும் சீன மொழிகளிலும் காலத்திற்கேற்ப வினை உருமாறுவதில்லை. மலாயில் ‘சுடா’ (ஏற்கெனவே), ‘செமாலாம்’ (நேற்று) போன்ற சொற்களே காலத்தைக் காட்டுகின்றன. அந்த மொழிகளைப் பேசுவோர் பழகும் ஆங்கிலத்தில் ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்பது நன்றாகவே பொருள் தருகிறது; அதை நான் குறைசொல்லவில்லை. மேலும், ஆங்கிலச் சொற்களை மலாய் ஏற்றுக்கொள்ளும்போது இறுதி டகர ஒலியைப் பலமுறை விட்டுவிடுகிறது: ‘சப்ஜெக்ட்’ ‘சுப்ஜெக்’ ஆகிறது, ‘புரோஜெக்ட்’ ‘புரோஜெக்’ ஆகிறது, ‘கான்ட்ராக்ட்’ ‘கொன்ட்ராக்’ ஆகிறது. ‘வாக்ட்’ என்பதில் கேட்க வேண்டிய அதே ‘க்ட்’ இணைப்புதான் இங்கெல்லாம் உதிர்ந்திருக்கிறது. காலையிலிருந்து மாலை வரை இந்த ஒலிகளுக்கு நடுவே இருக்கும் பிள்ளை, ஆங்கில வகுப்பில் திடீரென அந்த மெல்லிய ஒலியைக் கேட்டுவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். மூன்று பெரிய சமூகங்களின் பிள்ளைகளில், வினைமுற்றிலேயே காலத்தைக் காட்டும் தாய்மொழியோடு வகுப்புக்கு வருபவர்கள் நம் பிள்ளைகள்தாம். அந்த நற்பேற்றைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் என் மனத்தை வருத்துகிறது.

ஆங்கில வகுப்பில் ஆங்கிலமே ஒலிக்க வேண்டும், தமிழ் நுழைந்தால் பிள்ளை அதிலேயே தங்கிவிடும் என்று உங்களில் சிலர் அஞ்சுவதை அறிவேன். பாடவேளை முழுவதும் மொழிபெயர்த்துப் பாடம் நடத்துவதை நானும் ஏற்கமாட்டேன். நான் கேட்பது, விதி விளங்கும் வரை சில நிமிடம் தமிழைக் காட்டிவிட்டு, மீதி நேரம் முழுவதும் ஆங்கிலத்தைக் கேட்டும் பேசியும் பழகச் செய்வது. 1816இல் இதே ஜார்ஜ்டவுனில், ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ பள்ளியிலேயே ஒரு தமிழ் வகுப்பும் தொடங்கியது. அதையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் பிறப்பாகக் கொண்டு 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். ஒரே கூரையின் கீழ் இருந்து தொடங்கிய இரண்டு மொழிகளும் ஒரே பிள்ளையின் அறிவில் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதை நாம் தடுக்க வேண்டியதில்லை.

தமிழ் அறியாத ஆங்கில ஆசிரியர்களும் நம் பள்ளிகளில் பணியாற்றுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்து வகுப்பிலேயே தமிழாசிரியர் இருக்கிறார். முக்காலம் பற்றிய தமிழ்ப் பாடமும் இறந்தகால வினை பற்றிய ஆங்கிலப் பாடமும் ஒரே வாரத்தில் வருமாறு இருவரும் கலந்து பேசி ஆண்டுத் திட்டத்தை அமைத்துக்கொண்டால், தமிழாசிரியர் ‘நடந்தான், படித்தான்’ என்று விரலைத் தொண்டையில் வைக்கச் சொல்லிய மறுநாள், ஆங்கில ஆசிரியர் ஒரு சொல்லும் தமிழில் பேசாமலே ‘பிளேய்ட், வாக்ட்’ என்று தொடரலாம். இதற்குத் தலைமையாசிரியர்களின் ஒப்புதலும் ஊக்கமும் வேண்டும். அதனால்தான் உங்களையும் விளித்து எழுதுகிறேன்.

ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்துவந்த யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பின், வகுப்பறை மதிப்பீட்டில் பேசுதலுக்கும் கேட்டலுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. 2017 முதல் நம் ஆங்கிலப் பாடத்திட்டம் தழுவிவரும், மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியப் பொது அளவையான சிஇஎஃப்ஆரின் ஏ2 என்னும் அடிப்படை நிலையில், கடந்துபோன செயல்களையும் தன் அனுபவங்களையும் எளிமையாக விவரிப்பதும் ஒரு திறன். நேற்று நடந்ததைச் சொல்லும் பிள்ளையின் வாயிலிருந்து அந்த ஈறு வெளிவர வேண்டுமென்றால், முதலில் அது காதுக்குள் போயிருக்க வேண்டும். ஆகவே, அடிக்கோடிடும் பயிற்சித்தாளை எடுத்த எடுப்பில் கொடுக்காமல், அதற்கு முந்தைய இரண்டு மூன்று பாடவேளைகளில் எழுத்தே இல்லாமல் வாக்கியங்களை வாசித்து, நேற்றா நாள்தோறுமா என்று கையை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். பிறகு சொல்வதெழுதுதல். அதன்பின் அடிக்கோடு, அப்போதும் கோட்டின் அருகே ‘யார் செய்தார்’ என்பதைப் பிள்ளை எழுதட்டும். ‘யெஸ்டர்டே ஐ வாக்’ என்று எழுதிய பிள்ளையின் ஏட்டில் சிவப்பு மையால் ஈ-டியைச் சேர்த்துவிட்டுப் போகாமல், எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒலியில் விட்டதா, எழுத்தில் விட்டதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இரண்டுக்கும் வேண்டிய மருந்து வேறு.

அடுத்த கல்வியாண்டின் பாடத் திட்டத்தை வகுக்கும்போது இதைப் பாடக்குழுக் கூட்டத்தில் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மூன்று ஒலிகளுக்கும் தனித்தனியே, உயிர் முதற்சொற்கள் தொடரும்படி நான் எழுதிப் பயன்படுத்திவரும் கேட்டல் வாக்கியங்களை எந்தப் பள்ளி கேட்டாலும் கட்டணமின்றித் தருவேன். உங்கள் வகுப்புக்கு ஏற்ப அவற்றைத் திருத்தி, வெட்டி, சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நன்றியுடனும் மதிப்புடனும்,
ஓர் ஆங்கில ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.